வாசலில் ஒருவர் நிற்க வேண்டும்

நவம்பர் 9, ஞாயிறு

குன்மிங்கில் மூன்று நாளாக மழை. துவைத்த புடவை காயாமல் நாற்றமெடுக்கிறது. ஹீட்டர் முன்னால் நாற்காலியில் விரித்துப் போட்டிருக்கிறேன்.

மத்தியானம் கோதை அரிசி நூடுல்ஸ் கடைக்குக் கூட்டிப் போனாள். பூங்கோதை என்பது அவள் தமிழ் படித்த காலத்தில் ஆசிரியர் வைத்த பெயர். பிறந்த பெயர் லூ வென். புதுச்சேரியில் இரண்டு வருடம் இருந்து படித்துவிட்டு வந்து இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். நான் தேவகோட்டையிலிருந்து வருகைப் பேராசிரியராக வந்து ஒன்றேகால் வருடமாகிறது. இந்த ஊரில் எனக்கு இருக்கும் ஒரே பேச்சுத்துணை அவள்தான்.

செய்தி வாசிக்கிற மாதிரிதான் எப்போதும் பேசுவாள். இன்றும் அப்படித்தான். "அக்கா, நான் ஓய்வு பெறுகிறேன். இம்மாதம் இருபத்து மூன்றாம் தேதி லான்சோவுக்குப் புறப்படுகிறேன்."

லான்சோ அவள் பிறந்த ஊர். வடமேற்கே, வேகமான ரயிலிலேயே பன்னிரண்டு மணி நேரம். அப்பாவுக்கு எண்பத்து நான்கு வயது. விழுந்து படுக்கையில் இருக்கிறார். அம்மா எப்போதோ போய்விட்டார். தம்பி ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறான்.

"எப்ப திரும்பி வருவே?"

"அப்பா இருக்கும்வரை அங்கேதான். அதன் பிறகு இங்கே எனக்கு வீடும் இராது."

அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அந்த மொளகா எண்ணெயக் கொஞ்சம் இங்கிட்டுத் தள்ளு" என்றேன். தள்ளினாள். இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்தோம்.

நவம்பர் 12, புதன்

புத்தக வேலை. நாற்பது கவிதைகளில் இருபத்தெட்டு முடிந்திருக்கின்றன. ஆயிரம் வருடத்துக்கு முன் சீனத்து உத்தியோகஸ்தர்கள் நண்பர்களைப் பிரியும்போது எழுதியவை. கோதை சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதித் தருவாள், நான் அதைக் கவிதையாக்குவேன். அவள் எலும்பு தருகிறாள், நான் சதை வைக்கிறேன் என்று துறைத் தலைவரிடம் பெருமையடித்திருக்கிறேன். சில நாள் சதை கூடிப்போகும். அப்போது அவள் பேனாவை எடுத்து அடித்துவிடுவாள்.

அந்தக் காலத்தில் அரசன் ஒரு வரி எழுதினால் போதும், மனிதர் மூட்டை கட்ட வேண்டியதுதான். மாதக்கணக்கில் பயணம். உயிரோடு போய்ச் சேர்வாரா, சேர்ந்தாலும் திரும்புவாரா, யாருக்கும் தெரியாது. அதனால் வழியனுப்புவது பெரிய காரியமாக இருந்திருக்கிறது. ஊர் எல்லை தாண்டியும் கூடவே நடந்திருக்கிறார்கள். வழியில் அதற்கென்றே மண்டபங்கள். அங்கே உட்கார்ந்து ஒரு கிண்ணம் மது. கரையோரத்து வில்லோ மரத்தில் ஒரு கிளையை ஒடித்துக் கையில் கொடுப்பார்களாம். அதை எந்த மண்ணில் செருகினாலும் வேர் பிடித்துக்கொள்ளும். போகிறவனும் போன இடத்தில் பிழைக்கட்டும் என்று.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், இத்தனை கவிதையில் ஒருவரும் "போகாதே" என்று சொல்வதில்லை. நன்றாகச் சாப்பிடு, குளிருக்குப் போர்த்திக்கொள் என்கிறார்கள். மனது உடைந்த ஆள் பேசுகிற பேச்சில்லை அது. உடையாமல் பார்த்துக்கொள்கிற ஆளின் பேச்சு.

"கவிதையில் போகிறவரைவிட நிற்பவர்தான் முக்கியம்" என்றாள் கோதை. "ஆள் கண்ணுக்கு மறையும்வரை நிற்க வேண்டும். மறைந்த பிறகும் சற்று நேரம் நிற்க வேண்டும். இன்றும் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். நீங்கள்தான் விருந்தினர் கிளம்பினால் உடனே பாத்திரம் கழுவப் போய்விடுகிறீர்கள்."

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு இருபத்தொன்பதாவது கவிதைக்குப் போனேன்.

நவம்பர் 18, செவ்வாய்

கோதை வீட்டில் சாமான் கட்டுகிறாள். பூந்தொட்டிகளும் சோறு வடிக்கும் குக்கரும் எனக்கு வந்தன. குக்கர் என்னுடையதைவிட நல்லது. வாங்கும்போது சந்தோஷப்பட்டேன், பிறகு அதற்காக வெட்கப்பட்டேன்.

"ஞாயிறு காலை ஏழரைக்கு டாக்சி வரும். நம் குடியிருப்பு வாசலில் நிற்பேன். நீங்கள் வருவீர்கள் அல்லவா?"

"வராமலா இருப்பேன்."

சொல்லிவிட்டேன்.

நவம்பர் 22, சனி

இட்லிப்பொடி இடித்து இரண்டு பாட்டிலில் அடைத்துக் கொடுத்தேன். மீதிக் கவிதைகளை மின்னஞ்சலில் முடித்துக்கொள்ளலாம் என்றாள். "நாளைக்குப் பார்ப்போம், அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நவம்பர் 23, ஞாயிறு

கோதை கிளம்பிவிட்டாள். நான் போகவில்லை. முழங்கால் வலி.

நவம்பர் 23, சாயங்காலம்

முழங்கால் வலி என்பது எனக்கு வாய்த்த வக்கீல். எந்த வழக்குக்கும் வந்து நிற்கும். ஐந்தரைக்கே எழுந்து குளித்து, ஸ்வெட்டர் மாட்டி, செருப்பும் போட்டுக்கொண்டேன். ஏழே காலுக்குக் கதவுப்பிடியில் கை வைத்தேன். பிறகு பார்த்தால் அடுப்படியில் நிற்கிறேன். குழாயைத் திறந்து, ஏற்கெனவே கழுவிய டம்ளரைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். போன் மூன்று தடவை அடித்தது. தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். கேட்டது.

நவம்பர் 24, திங்கள்

துறைத் தலைவர் மாறன் அறைக்குக் கூப்பிட்டார். அவரும் சீனர்தான், தமிழ்ப் பெயர் மாறன். தேர்வுத்தாள் பற்றிப் பேசிவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

"பூங்கோதை குளிரில் இருபத்தைந்து நிமிடம் நின்றார். முதல் டாக்சியை அனுப்பிவிட்டு வேறொன்றை அழைத்தார். இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் ரயிலைத் தவற விட்டிருப்பார்."

"என்னயப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

"'அக்காவுக்கு வேலை இருக்கும்' என்றார்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்கள் ஊரில் எப்படி என்று எனக்குத் தெரியாது. எங்களிடத்தில், வருவதாகச் சொல்லிவிட்டு வழியனுப்ப வராவிட்டால், இந்த நட்பு இத்தோடு போதும் என்று பொருள்."

வகுப்புக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். திங்கட்கிழமை மத்தியானம் எனக்கு வகுப்பே கிடையாது.

நவம்பர் 30, ஞாயிறு

போய்ச் சேர்ந்தாயா, அப்பா எப்படி இருக்கிறார் என்று மூன்று மின்னஞ்சல் போட்டேன். இன்று பதில் வந்தது.

"பேராசிரியர் உமையாள் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் அன்பான விசாரிப்புக்கு நன்றி. அனைவரும் நலம். மீதமுள்ள கவிதைகளைத் தாங்களே வேறொருவர் துணையுடன் முடித்துக்கொள்ளலாம். இப்படிக்கு, லூ வென்."

ஒரு பிழை கிடையாது. இவ்வளவு சுத்தமான தமிழில் யாரும் என்னை அடித்ததில்லை.

டிசம்பர் 4, வியாழன்

இன்று யாரோடும் தமிழ் பேசவில்லை. வகுப்பில் பேசியதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

டிசம்பர் 7, ஞாயிறு

ஹூஸ்டனிலிருந்து வயிரவன் பேசினான். வாரா வாரம் பேசுவான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, சரி வைக்கிறேன். என் மகன்தான், பேச்சில் என்னைப்போலத்தான் இருப்பான். இன்று எனக்குக் குரல் சரியில்லை. "என்னாச்சு ஆத்தா?" என்று கேட்டான். கோதை விஷயத்தைச் சொன்னேன்.

"ஆத்தா, ஒண்ணு கேக்கவா? நான் அமெரிக்கா கெளம்புன அன்னக்கி நீ ஏன் வெளிய வரல?"

"அடுப்படியில வேல இருந்துச்சுப்பா."

"பன்னெண்டு வருஷமா நான் என்ன நெனச்சுக்கிட்டு இருக்கேன் தெரியுமா? ஒன்னயத் தனியா விட்டுட்டுப் போறேன்னு ஒனக்கு எம்மேல கோவம். அதான் மூஞ்சியக் காட்டலன்னு."

இதை எழுதத்தான் வேண்டும். யார் படிக்கப்போகிறார்கள்.

வயிரவன் அப்பச்சி, என் வீட்டுக்காரர், போனபோது எனக்கு முப்பது வயது. அதன் பிறகு வீட்டில் யார் பயணம் கிளம்பினாலும் நான் எதிரே வரக் கூடாது. தாலி இழந்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் விளங்காது. மாமியார் வாயால் சொன்னதே இல்லை. ஒரு பார்வை பார்ப்பார், நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். பிறகு அவர் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. அவர் செத்துப் பதினைந்து வருடமாகிறது, நான் இன்னமும் போய்க்கொண்டிருக்கிறேன். கல்லூரியில் பெண் விடுதலை பற்றி மேடை மேடையாகப் பேசியிருக்கிறேன். மகன் விமானம் ஏறும் நாளில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அவன் நல்லபடி போய்ச் சேர வேண்டுமே என்றுதான்.

அதைச் சொன்னேன்.

"அதெல்லாம் நீ நம்புறியா ஆத்தா?"

"நான் நம்பல. காலு நம்புது."

அவன் அழுதான் என்று நினைக்கிறேன். போனில் சரியாகத் தெரியவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

மாறன் சொன்னார். போன வாரம் கோதை லான்சோவில் உறைபனியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாளாம்.

எனக்கு முதலில் தோன்றியது: நல்லவேளை, நான் வாசலில் நிற்கவில்லை. நின்றிருந்தால் என்னால்தான் என்று ஆகியிருக்கும். இப்படி ஒரு நினைப்பு வந்ததற்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

அப்புறம் நடந்து வீட்டுக்கு வரும்போது மற்றது தோன்றியது. நான் ஒளிந்துகொண்டேன், கை உடைந்தது. அப்படியானால் இருபத்தாறு வருடமாக நான் ஒளிந்து யாரைக் காப்பாற்றினேன்?

வயிரவன் அப்பச்சி கடைசியாகக் கிளம்பிய காலை நினைவுக்கு வந்தது. தலை நிறையப் பூ, நெற்றி நிறையக் குங்குமம், கையில் தண்ணீர்ச் செம்பு. மாமியார்தான் என்னை முன்னால் நிறுத்தினார். என்னைவிட நல்ல சகுனம் அந்தத் தெருவில் கிடையாது. நான் சிரித்துக்கொண்டு நின்றேன். திருமயம் தாண்டுவதற்குள் லாரி மோதிவிட்டது.

ஆக, நின்றாலும் நடந்தது, ஒளிந்தாலும் நடந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. பேராசிரியராம்.

டிசம்பர் 14, ஞாயிறு

கோதைக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதினேன். படித்துப் பார்த்தால் சாக்குப்போக்குபோல இருந்தது. அழித்தேன். மறுபடி எழுதினேன். இந்தத் தடவை கட்டுரைபோல இருந்தது.

ஜனவரி 6, செவ்வாய்

பதினெட்டாம் தேதி குளிர்கால விடுமுறை. "பார்க்க வருகிறேன்" என்று மட்டும் அனுப்பினேன். சாயங்காலம் பதில்: "வருக." அவ்வளவுதான். இடக்கையால் தட்டினாளோ, கோபத்தில் தட்டினாளோ.

ஜனவரி 19, திங்கள்

லான்சோ. வாழ்நாளில் இப்படி ஒரு குளிர் பார்த்ததில்லை. மூக்குக்குள்ளேயே பனி கட்டுகிறது. கோதையின் வீடு ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது. முழங்காலுக்கு இந்தத் தடவை உண்மையிலேயே வலி.

கையில் மாவுக்கட்டோடு கதவைத் திறந்தாள். "வாருங்கள் பேராசிரியர்" என்று சொல்லித் தேநீர் தந்தாள். அடுத்த அறையில் அவள் அப்பா இருமுகிற சத்தம். ரயில்வேயில் சிக்னல் பார்த்தவராம். நான் தேநீரைக் குடிக்காமலே சொல்ல ஆரம்பித்தேன். பூ, குங்குமம், மாமியார் பார்வை, வயிரவன், கதவுப்பிடி, டம்ளர் கழுவியது எல்லாம்.

"இதை ஏன் என்னிடம் முன்பே சொல்லவில்லை?"

"வெக்கமா இருந்துச்சு. படிச்ச பொம்பள இப்படியான்னு நீ நெனப்பேன்னு."

"நான் வேறொன்று நினைத்தேன். அது இதைவிட மோசம்." அவள் குரல் உயர்ந்தது. "நான் இருபத்தைந்து நிமிடம் நின்றேன். ஒவ்வொரு நிமிடமும் உங்கள் படிக்கட்டைப் பார்த்தேன். நம் நட்பில் எங்கே தவறு செய்தேன் என்று இரண்டு மாதம் தேடினேன்."

"நீ ஒரு தப்பும் பண்ணல."

"தெரிகிறது. இப்போது தெரிகிறது." ஆறிய தேநீரை எடுத்துப் போனாள். திரும்பி வரும்போது தட்டில் ஆவியில் வெந்த ரொட்டியும் என் இட்லிப்பொடியும் இருந்தன. ஒரு பாட்டில் காலி, இரண்டாவதில் பாதி. "அப்பாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது, அக்கா" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். காரம் என்று சொல்லவில்லை.

ஜனவரி 22, வியாழன்

இரண்டு நாளில் மூன்று கவிதை முடிந்தது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். நடுவில் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்போம். என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார். நான் தலையணையை நகர்த்தினால் ஒன்றும் சொல்வதில்லை, மகன் நகர்த்தினால் திட்டுகிறார். இருமல் கூடியிருக்கிறது.

ஜனவரி 25, ஞாயிறு

காலையிலிருந்து அவருக்கு மூச்சு முட்டியது. உதடு நீலம் பூத்துவிட்டது. ஆம்புலன்ஸ் வந்தது. மடக்கு நாற்காலியில் உட்கார வைத்துப் போர்வை சுற்றி வாரால் கட்டினார்கள். கோதை பையில் துணி திணித்துக்கொண்டிருந்தாள், தம்பி செருப்புத் தேடினான்.

நான் எங்கே இருந்தேன்? அடுப்படியில். எப்போது வந்தேன் என்று எனக்கே தெரியாது. கை குழாயைத் தேடிக்கொண்டிருந்தது.

கோதை உள்ளே வந்தாள். அவசரத்திலும் குழாயை மூடினாள்.

"அக்கா, நானும் தம்பியும் கூடப் போகிறோம். அம்மா இல்லை. அப்பா இந்த வீட்டைவிட்டுப் போகும்போது வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். உங்களைத் தவிர ஆள் இல்லை."

"வேணாம் கோதை. ஒங்க அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா..."

"ஆகலாம். அவருக்கு எண்பத்து நான்கு வயது. ஆனால் யாருமில்லாத வாசலைப் பார்த்துக்கொண்டு அவர் போக வேண்டாம். தயவுசெய்து வாருங்கள்."

பையைத் தூக்கிக்கொண்டு, ஆம்புலன்ஸ் கதவைத் திறந்து வைக்கத் தம்பியோடு முன்னால் இறங்கிப் போனாள்.

நான் வந்தேன். அடுப்படியிலிருந்து வாசலுக்குப் பத்து எட்டு இருக்காது. வெறும் நெற்றியோடு படிக்கட்டுத் தலையில், நேர் எதிரே நின்றேன். நாற்காலியை இரண்டு பேர் தூக்கினார்கள். படிக்கட்டு குறுகல், பின்பக்கமாகத்தான் இறக்கினார்கள். அதனால் அவர் முகம் என் பக்கமே இருந்தது. ஒவ்வொரு படியாக இறங்கினார், என்னையே பார்த்துக்கொண்டு. திருப்பத்துக்கு முன்னால் போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்து, இரண்டு விரலை அசைத்து ஒரு வார்த்தை சொன்னார். பிறகு திருப்பம். பிறகு சத்தம் மட்டும். ஆம்புலன்ஸ் போன பிறகும் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் விறைத்துப்போனது.

ஜனவரி 26, திங்கள்

வீட்டில் நான் மட்டும். பூந்தொட்டி இல்லாத ஜன்னல். இன்னும் தகவல் இல்லை. நேற்று நின்றது தப்போ என்று நூறு தடவை தோன்றிவிட்டது. வீட்டுச் சாவி எங்கே என்று தம்பியிடமிருந்து ஒரு செய்தி வந்தது, அவ்வளவுதான். போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

ஜனவரி 27, செவ்வாய்

விடியற்காலை அவர் இறந்துவிட்டார். ஆக்ஸிஜன் முகமூடி போட்ட பிறகு பேசவே இல்லையாம்.

பத்து மணிக்குக் கோதை வந்தாள். படியேறி வருகிற சத்தம் கேட்டதும் எனக்கு உள்ளே ஒளிய வேண்டும்போல இருந்தது. ஒளியவில்லை, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவள் உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றக் கை வரவில்லை, நான் கழற்றினேன்.

"நாங்கள் முன்னால் இறங்கிவிட்டோம். அப்பா உங்களிடம் ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாரு. 'உள்ள போங்க, குளுருது'ன்னாரு."

எனக்குச் சீனம் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் அந்த வார்த்தை தெரியும். இங்கே விடைபெறுகிற எல்லோரும் வாசலில் நிற்பவரிடம் சொல்வது அதுதான்.

கோதை முகத்தை மாவுக்கட்டில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமாக, வெகுநேரம். நான் அவள் முதுகில் கை வைத்திருந்தேன். பிறகு நிமிர்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்கள் உள்ளே போனீர்களா, அக்கா?"

"போகல" என்றேன்.